அப்பா என்ன செய்கிறார்?

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் என் அப்பா லேத் ஓட்டுகிறார். அங்கே வேலை கேட்டு வருபவரிடம் ஒரு வரைபடத்தையும் இரும்புத் துண்டையும் கொடுத்து, கடைந்து காட்டச் சொல்வார்கள். பிறகு மைக்ரோமீட்டரால் அளப்பார்கள். பட்டறைக்குள்ளும் சாதி உண்டு. ஆனால், கடைந்த துண்டின் அளவு ஆளைப் பார்த்து மாறாது.

மென்பொருள் பொறியாளர் வேலைக்கு நான் போன முதல் நேர்காணலில் நிரல் பற்றிய பேச்சு பத்தே நிமிடம். மீதி நேரமெல்லாம் சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், வீட்டில் சைவமா என்பதுதான். ‘கல்ச்சர் ஃபிட் இல்லை’ என்று பதில் வந்தது.

இது என் ஒருவனின் கதை அல்ல. தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒத்த தகுதியோடு பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பித்துப் பார்த்தார்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும். தலித் பெயர்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, ஆதிக்கச் சாதிப் பெயர்களுக்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் என்று 2007இல் எழுதினார்கள்.

ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் 150க்கு 50 மதிப்பெண் நேர்காணலுக்கு. இரண்டு மூன்று நிமிடம், அதுவும் பெற்றோரையும் வசிப்பிடத்தையும் பற்றியே கேட்டார்கள் என்று மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். அஜய் ஹாசியா வழக்கு அது. நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று 1980இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியார் நிறுவனங்களை அந்தத் தீர்ப்பு தொடவில்லை.

இன்று நானும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்கிறேன். எங்கள் குழுவில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள். அன்றாட வேலையிலிருந்தே ஒரு பணி: பிழையுள்ள நிரலைத் திருத்தி, ஏன் அப்படித் திருத்தினோம் என்று விளக்க வேண்டும், தமிழிலும் விளக்கலாம். எந்த விடைக்கு எத்தனை மதிப்பெண் என்று முன்பே எழுதிவைக்கிறோம். கலந்து பேசுவதற்கு முன் தனித்தனியாக மதிப்பிடுகிறோம். விடையைத் திருத்துபவருக்குப் பெயரும் கல்லூரியும் தெரியாது.

இது இடஒதுக்கீட்டுக்கு மாற்று அல்ல. கணினியையே கல்லூரியில்தான் முதலில் தொட்டவருக்கும் வீட்டிலேயே வைத்திருந்தவருக்கும் உள்ள தூரத்தை எந்த நேர்காணலும் அழிக்காது. தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கை அப்படியே நிற்கிறது.

ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, தோழர்களே. அடுத்த முறை உங்கள் குழுவில் யாராவது ‘ஆள் பொருந்தவில்லை’ என்றால், எந்தக் கேள்விக்கு என்ன விடை, எத்தனை மதிப்பெண் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், அவர் அளந்தது வேலையை அல்ல.