இன்றிரவு காய்கறி உங்கள் பொறுப்பு

ஆசிரியர் தினத்தன்று என் நான்காம் படிவ மாணவர்கள் வகுப்பில் ஒரு சிறிய விருந்து வைத்தார்கள். ஒரு மாணவன் வெள்ளரிக்காயும் தக்காளியும் வெங்காயமும் தானே நறுக்கி, உப்பும் மிளகுத்தூளும் கலந்து கொண்டு வந்திருந்தான். காலை ஆறு மணிக்கே தயார் செய்துவிட்டானாம். பத்தரை மணிக்கு டப்பாவைத் திறந்தால், காய்கள் துவண்டு தண்ணீரில் மிதந்தன. அவன் முகமும் வாடிவிட்டது. "டீச்சர், கடையில கெட்டுப்போன வெள்ளரிக்காயைக் கொடுத்துட்டாங்க" என்றான்.

இரண்டு வாரங்களுக்கு முன்புதான் அதே மாணவன் சவ்வூடு பரவல், அதாவது நீங்கள் பள்ளியில் ஓஸ்மோசிஸ் என்று படிக்கும் பாடத்தில், முழு மதிப்பெண் வாங்கியிருந்தான். அடர்த்தியான சுக்ரோஸ் கரைசலில் போட்ட உருளைக்கிழங்குத் துண்டு ஏன் சுருங்குகிறது என்று அழகாக விளக்கியிருந்தான். உருளைக்கிழங்கு வெள்ளரிக்காயாகவும் சர்க்கரை உப்பாகவும் மாறியதும் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. காய் கெடவில்லை. வெளியே உப்பு அதிகம் இருந்ததால் செல்களுக்குள் இருந்த நீர் வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அவனை நான் குறை சொல்லவில்லை. அறிவியலை ஆய்வுக்கூடத்தோடு நிறுத்திக்கொள்ளும்படி பழக்கியதில் எங்களுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இந்த வாரம் ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கிறேன். வாரத்தில் ஒரு நாளாவது இரவு உணவுக்கான காய்கறியை நீங்கள் சமைக்க வேண்டும். ஆண், பெண் வேறுபாடு இதில் இல்லை.

உங்கள் வீட்டுக் குடும்பக் குழுவின் வாட்ஸ்அப்பைத் திறந்து பாருங்கள். "இன்னிக்கு ராத்திரிக்கு என்ன காய்?" என்று பெரியம்மா கேட்டிருப்பார். அத்தை பயத்தங்காய்ப் பொரியல் படத்தை அனுப்பியிருப்பார். சித்தி அதற்குக் கீழே ஒரு குறிப்பு எழுதியிருப்பார். நீங்கள் அதைப் படிக்காமலே தள்ளிவிட்டிருப்பீர்கள். அந்தக் குறிப்புகள் பல ஆண்டுகள் அடுப்பருகே நின்று கவனித்ததன் பலன். அவற்றில் பெரும்பாலும் காரணம் மட்டும்தான் எழுதப்பட்டிருக்காது. அந்தக் காரணத்தைத் தேடுவது உங்கள் வேலை.

சில குறிப்புகளைப் பார்ப்போம். "கத்தரிக்காயை வெட்டியதும் தண்ணீரில் போடு." வெட்டும்போது செல்கள் உடைகின்றன. பாலிபினால் ஆக்சிடேஸ் என்ற நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு காயைப் பழுப்பாக்குகிறது. தண்ணீர் அந்தக் காற்றைத் தடுக்கிறது. "வெண்டைக்காயைக் கழுவித் துடைத்த பிறகு நறுக்கு." அதன் வழவழப்புப் பொருள் தண்ணீர் பட்டால் இன்னும் பெருகும். "கேரட்டை ஒரு கரண்டி எண்ணெயில் தாளி." கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரையக்கூடியது, சிறிது எண்ணெய் இருந்தால்தான் உடல் அதை நன்றாக ஈர்த்துக்கொள்ளும். "வாடிய கீரையைத் தூக்கிப் போடாதே, குளிர்ந்த நீரில் வை." இது வெள்ளரிக்காய்க் கதையின் மறுபக்கம். இம்முறை நீர் செல்களுக்குள் நுழைகிறது, கீரை நிமிர்ந்து நிற்கிறது.

எல்லாக் குறிப்புகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? கூடாது. கீரை பச்சையாகவே இருக்க ஒரு சிட்டிகை சோடா மாவு போடச் சொல்வார்கள். நிறம் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் கீரை குழைந்துவிடும். வைட்டமின் சி அழிவதும் அதிகமாகும். "கீரையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிடு" என்பார்கள். காங்கோங் கீரைக்கு இது தேவையற்றது. நீரில் கரையும் வைட்டமின்கள் அந்தத் தண்ணீரோடு போய்விடும். மரவள்ளி இலைக்கோ அதே குறிப்பு மிகச் சரி. அந்த இலையில் சயனைடை உருவாக்கும் பொருள்கள் உள்ளன. அதை நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டத்தான் வேண்டும். ஓர் இலைக்குப் பாதுகாப்பாக இருக்கும் குறிப்பு இன்னோர் இலைக்கு நட்டமாகிறது. 'ஏன்' என்று கேட்காதவருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

தொடக்கப்பள்ளியில் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகியவை நினைவில் இருக்கின்றனவா? ஒரு கட்டு காங்கோங் கீரையைச் சம அளவில் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை மூடிபோட்டு எட்டு நிமிடம் வேகவையுங்கள். மறு பாதியை அதே அளவு தண்ணீரில், அதே தீயில், மூடாமல் எட்டு நிமிடம் வேகவையுங்கள். இங்கே மூடிதான் தற்சார்பு மாறி, நிறம் சார்பு மாறி. கீரையிலுள்ள அமிலங்கள் வெப்பத்தில் வெளிவந்து, பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியத்தை அகற்றிவிடுகின்றன. அதனால்தான் பசுமை மங்கிப் பழுப்புச் சாயல் வருகிறது. மூடாத பாத்திரத்தில் அமிலத்தின் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும். இரண்டையும் வெள்ளைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த வாரம் மூடாமல் மூன்று நிமிடம் மட்டும் வேகவைத்து, நேரத்தை மாறியாக்குங்கள்.

கடைசியில் எலுமிச்சைச் சாறு பிழிய விரும்பினால், அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள். முன்பே பிழிந்தால் அமிலம் நிறத்தைக் கெடுக்கும். வெப்பம் வைட்டமின் சி-யையும் குறைக்கும். அந்த வைட்டமின் கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஈர்க்க உதவுகிறது. சாப்பிட்டவுடன் கெட்டித் தேநீர் குடித்தால் அந்த ஈர்ப்பு குறையும். தேநீருக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கலாம்.

இதை நான் பொழுதுபோக்காகச் சொல்லவில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய 95 விழுக்காட்டினர் பரிந்துரைக்கப்பட்ட அளவு காய்கறி, பழங்களை உண்பதில்லை. அதே ஆய்வில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. உலகச் சுகாதார நிறுவனம் நாள் ஒன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ணச் சொல்கிறது. நம் சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' தட்டில் பாதி இடம் காய்கறி, பழங்களுக்குத்தான். நேற்றிரவு உங்கள் தட்டில் அந்தப் பாதியில் என்ன இருந்தது? நேர்மையாக யோசியுங்கள்.

"எஸ்.பி.எம். நெருங்குகிறது, படிக்கிற பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை?" என்று உங்கள் பெற்றோர் கேட்கலாம். அவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் நான் கேட்பது வாரத்தில் அரை மணி நேரம்தான். கைப்பேசியில் அதைவிட அதிக நேரம் போகிறது என்பது உங்களுக்கே தெரியும். அதோடு, அம்மாவும் அப்பாவும் வேலை முடிந்து ஏழு மணிக்கு மேல் களைத்து வந்து, அதன் பிறகு சமைக்கும் வீடுகள் எத்தனையோ உண்டு. அந்த ஓர் இரவு அவர்கள் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

காய்கறி விலை ஏறிவிட்டது என்பதும் உண்மை. அதனால் கேரட்டும் புரோக்கோலியும்தான் வேண்டும் என்பதில்லை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் காங்கோங், சாவி, மொச்சு முளைத்த பயறு எதுவானாலும் போதும். முதல் முறை கத்தியும் எண்ணெயும் கையாளும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். உப்பு கூடலாம், கருகலாம். பரவாயில்லை, குறித்து வைத்துக்கொண்டு அடுத்த வாரம் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். பிறகு உங்கள் முடிவைக் குடும்பக் குழுவில் போடுங்கள். சித்தியின் குறிப்புக்குக் கீழே காரணத்தை எழுதுங்கள்.

அந்த மாணவனைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஆண்டிறுதி விருந்துக்கும் அவன் வெள்ளரிக்காய்தான் கொண்டு வந்தான். இம்முறை உப்பைத் தனியாகப் பொட்டலம் கட்டி வந்திருந்தான். சாப்பிடும் நேரம் வந்ததும், எல்லாரும் பார்க்க அதைத் தூவினான்.