துவக்குக் கொடுத்தவரே பதில் சொல்ல வேண்டும்: நற்பிட்டிமுனைப் பிரகடனம்

கல்முனைக்கு மேற்கே வயலோரம் இருக்கும் நற்பிட்டிமுனையில், தமிழரும் முஸ்லிம்களுமாகக் கூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். அரசுகள் தமது போரைக் கூலிப்படைக்கும் ஆயுதக் குழுவுக்கும் ஊர்காவலருக்கும் இப்போது இயந்திரத்துக்கும் குத்தகைக்கு விடுகின்றன. இந்தக் குத்தகையை எதிர்ப்பதே எங்கள் ஒரே வேலை.

எங்களுக்கு இது தூரத்துச் செய்தியல்ல. 1984இல் இஸ்ரேலின் இராணுவ உதவிக்கு ஈடாக, கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குள் அந்நாட்டின் நலன் பிரிவு திறக்கப்பட்டது. முஸ்லிம்கள் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். அதே காலத்தில் கீனி மீனி சேர்விஸஸ் என்ற பிரித்தானியத் தனியார் கூலிப்படை நிறுவனம், புதிதாக உருவான விசேட அதிரடிப்படைக்குக் கட்டுக்குருந்தையில் பயிற்சி கொடுத்தது. அதன் விமானிகள் இலங்கை விமானப்படையின் ஹெலிகொப்டர்களையும் ஓட்டினார்கள். லண்டன் அரசுக்கு இது தெரியும். தனியார் கம்பெனியின் தொழில் என்று கைகழுவிக்கொண்டது. அந்த அதிரடிப்படைதான் எங்கள் கரையோரத்தில் முகாம் போட்டது. 1985 ஏப்ரலில் காரைதீவு எரிந்தபோது தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் பகைத்தார்கள். பின்னால் நின்ற சீருடையை எத்தனை பேர் கேள்வி கேட்டார்கள்?

பிறகு முஸ்லிம் ஊர்களுக்கு அரசின் ஊர்காவல் படை வந்தது. ஊர் வாயில் அது ஹோம்கார்ட். கொஞ்சநாள் பயிற்சி, தோளில் ஒரு சொட்கன், குடும்பம் நடத்தப் போதாத சம்பளம். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வாரமே ஏறாவூர். அந்த அச்சத்தில் மகன் கையில் துவக்கு ஏறியதை எந்த வாப்பா தடுத்திருப்பார்? ஆனால் ஆகஸ்ட் 12இல் வீரமுனைப் பிள்ளையார் கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்கள் ஊர்காவலரைக் கைகாட்டினார்கள். அந்தத் துவக்குகளை எந்த அதிகாரி, எந்தப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்?

தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். 1989இல் இந்திய அமைதிப்படை புறப்படும் வேளையில், அதன் நிழலில் நின்ற இயக்கங்கள் தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் தெருத்தெருவாகப் பிள்ளைபிடித்தன. படை போய்விட்டது, பிடிபட்ட பிள்ளைகள் புலிகளின் துவக்குக்கு முன்னால் விடப்பட்டார்கள். அதே ஆண்டு பிரேமதாச அரசு, இந்தியப் படையை விரட்டுவதற்காகப் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தது. 1990 ஜூனில், சரணடையும்படி கட்டளை பெற்ற நூற்றுக்கணக்கான பொலிஸாரைப் புலிகள் கொன்றார்கள். 2004இல் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா இயக்கத்திலிருந்து பிரிந்தார். அவரது குழு சிறுவர்களைப் பிடிப்பதற்குப் பாதுகாப்புப் படையில் ஒரு பகுதியினர் துணைபோகிறார்கள் என்று 2006 நவம்பரில் ஐ.நா.வின் அலன் ரொக் சொன்னார்.

எய்தவனிருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே அம்பும் எங்கள் பிள்ளை, பட்டதும் எங்கள் பிள்ளை. துவக்குப் பிடித்தவன் குற்றமற்றவன் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அவனோடு விசாரணை நின்றுவிடக் கூடாது என்கிறோம்.

அடுத்தது இயந்திரம். வன்னிப் போரில் ஆளில்லா வேவு விமானத்தைச் சனம் 'வண்டு' என்றது. வண்டு இரைந்தால் பின்னால் கிபிர் குண்டுவீச்சு விமானம் வரும் என்று பங்கருக்குள் ஓடினார்கள். பிறகு காஸாவில் யாரைக் கொல்வது என்ற பட்டியலையே 'லவண்டர்' என்ற கணினி முறை தயாரித்ததாக 2024இல் இஸ்ரேலியச் செய்தியாளர்களே எழுதினார்கள். கூலிக்காரனையாவது கூண்டில் ஏற்றலாம். பக்தாத்தில் 2007இல் 17 பொதுமக்களைச் சுட்டுக் கொன்ற, பிளக்வோட்டர் என்ற அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் காவலர்களில் நால்வருக்குத் தண்டனை கிடைத்தது. ஜனாதிபதி டிரம்ப் 2020இல் மன்னித்தது வேறு கதை. கணினியை எந்தக் கூண்டில் ஏற்றுவது?

குத்தகை இப்போது கடல் கடந்தும் போகிறது. ரஷ்யப் படையில் 554 இலங்கையர் சேர்க்கப்பட்டனர், 59 பேர் இறந்துவிட்டனர் என்று 2025 பெப்ரவரியில் அமைச்சர் விஜித ஹேரத் நாடாளுமன்றத்தில் சொன்னார். கடனும் வேலையின்மையும் பிள்ளைபிடிகாரரின் வேலையைச் சுலபமாக்கிவிட்டன.

ஆகவே கேட்கிறோம். ஊர்காவலருக்கு ஆயுதம் வழங்கிய பதிவேடுகள் திறக்கப்பட வேண்டும். கீனி மீனி பற்றிப் பிரித்தானியப் பொலிஸ் 2020இல் தொடங்கிய விசாரணை முடிவு காண வேண்டும். லண்டனிலும் கொழும்பிலும் உள்ள கோப்புகள் வெளிவர வேண்டும். அயல்நாட்டுப் போருக்கு ஆள் திரட்டும் முகவர் தண்டிக்கப்பட வேண்டும். மனிதர் ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்காமல் எந்த இயந்திரமும் உயிரைக் குறிவைக்கக் கூடாது. நடக்காத காரியம் என்று சொல்வோருக்கு ஒன்று: சத்தீஸ்கரில் ஆதிவாசி இளைஞர்களுக்குச் சொற்ப ஊதியமும் துவக்கும் கொடுத்து மாவோயிஸ்டுகளுக்கு எதிராக அனுப்பியது அரசியலமைப்புக்கு விரோதம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2011 ஜூலை 5இல் தீர்ப்பளித்தது.

எந்த அரசிடமும் தூதரகத்திடமும் கட்சியிடமும் பணம் வாங்க மாட்டோம். ஒவ்வொரு குழுவிலும் இரு சமூகத்தவரும் இருப்பார்கள், பெண்கள் பாதிக்குக் குறைய மாட்டார்கள். முதல் வேலை வாக்குமூலம் திரட்டுவது. முன்னாள் ஊர்காவலரும் வரலாம், பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் வரலாம். விரும்பாதவர் பெயரை வெளியிட மாட்டோம். எழுதத் தெரியாதவர்கள் சொல்லட்டும், வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்கிறோம்.