மூச்சு முட்டலுக்கு ஆபரேஷன் உண்டா?

“மருந்து கொடுத்துக் கொடுத்து அலுத்து விட்டது. ஒரேயடியாக ஆபரேஷன் செய்துவிட்டால் என்ன?” வருஷக் கணக்காக மூச்சு முட்டும் பெரியவரைப் பராமரிக்கும் சகோதரிகள் இப்படிக் கேட்பது சகஜம். சிலருக்குச் செய்யலாம், எல்லோருக்கும் அல்ல.

பல வருஷம் பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கும், விறகடுப்புப் புகையிலேயே வெந்த தாய்மார்களுக்கும் நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் சிதைந்து போகலாம். உள்ளே போன காற்று முழுவதும் வெளியே வராது. ஊதிப் பெருத்த பாகம் நல்ல பாகத்தை நெருக்கும். நெரிசலான ரயில் பெட்டியில் யாரோ வைத்த பெரிய மூட்டை மாதிரி! அந்த மூட்டையை இறக்குவதுதான் முதல் வகை ஆபரேஷன். மிகவும் கெட்டுப்போன பாகத்தை வெட்டி எடுத்தால், மிச்சமிருப்பது தாராளமாக விரியும்.

1950-களில் அமெரிக்க டாக்டர் பிராண்டிகன் இதைச் செய்து பார்த்தார். இறந்தவர்கள் அதிகம் என்பதால் அது கைவிடப்பட்டது. 1990-களில் டாக்டர் கூப்பர் மீண்டும் தொடங்கினார். பிறகு 1,218 நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் நடந்த பரிசோதனையின் முடிவு 2003-ல் வெளியாயிற்று. நுரையீரலின் மேல்பாகம் அதிகம் கெட்டு, பயிற்சி செய்தும் நடக்கத் திணறியவர்களுக்கு ஆயுள் நீடித்தது. நுரையீரல் அடியோடு பலவீனமாகிவிட்ட சிலருக்கோ ஆபரேஷனே எமனாயிற்று!

மார்பைத் திறக்காமல், மூச்சுக்குழல் வழியாகச் சிறு வால்வுகளைப் பொருத்தும் முறையும் இப்போது உண்டு. அதுவும் எல்லோருக்கும் பொருந்தாது. கடைசி வழி, மாற்று நுரையீரல். சென்னையிலும் செய்கிறார்கள். ஆனால் ஆயுள் முழுவதும் மருந்து சாப்பிட வேண்டும். ஐந்து வருஷம் தாண்டுகிறவர்கள் பாதிக்குச் சற்று அதிகம்தான்.

ஆகவே, நகையை அடகு வைக்குமுன் நுரையீரல் டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். “ஸி.டி. ஸ்கானில் எந்தப் பாகம் அதிகம் கெட்டிருக்கிறது? மூச்சுப் பயிற்சியும் நடைப்பயிற்சியும் முறையாகச் செய்து பார்த்தாயிற்றா? ஆபரேஷனைத் தாங்கும் சக்தி இவருக்கு இருக்கிறதா?”

நாலாவது கேள்வியை வீட்டுப் பெரியவரிடமே கேளுங்கள்: “பீடியை விட்டாயிற்றா?” விடாதவருக்கு எந்த டாக்டரும் இந்த ஆபரேஷனைச் செய்யச் சம்மதிக்க மாட்டார். விட்டவருக்கோ, ஆபரேஷன் இல்லாமலே நோயின் வேகம் குறையும்.