பொதியின் மேல் ஒரு சொல்

ஜப்பானின் சகாய் நகரிலிருந்து சமையல் கத்தி ஒன்றை வரவழைத்தோம். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை வந்து சேர வேண்டிய பொதி, சுங்கச் சோதனையில் நின்றுவிட்டது.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற கத்திகளை ஆயுதங்களோடு சேர்க்கின்றன. வீட்டுப் பயன்பாடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. விற்பனையாளரோ பொதியின் மேல் ‘கத்தி’ என்று மட்டும் எழுதியிருந்தார். கருவியா, ஆயுதமா என்பதை அவ்வொரு சொல் தெளிவுபடுத்தவில்லை.

நாம் கேட்குமுன்னரே அவரது மடல் வந்தது. பிழை தம்முடையதே என்றார். அலகின் நீளத்தையும் சமையல் பயனையும் குறித்த சான்றை இணைத்திருந்தார். பொதி திரும்பினால் தம் செலவில் மீண்டும் அனுப்புவதாகவும் உறுதியளித்தார். பதினோராம் நாள் கத்தி கைக்கு வந்தது.

வாடிக்கையாளர் சேவை என்பதை இனிக்கப் பேசுவதாகவே பலரும் கருதுகின்றனர். ‘வருந்துகிறோம்’ என்னும் ஆயத்த வாசகத்தால் எந்தப் பொதியும் நகர்வதில்லை. பிழையை ஏற்பதும், முந்திக்கொண்டு தெரிவிப்பதும், பொருளுக்குரிய பெயரைத் திருத்தமாகச் சொல்வதுமே சேவை. மொழி கற்பிக்கும் நாமும் மாணவர்க்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: சொல் குறைந்தால் பொருள் பாதிவழியில் நின்றுவிடும்.