தவணைக்குப் போன படிப்பு



சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின், திருவேற்காட்டில் நம் மதரஸாவில் ஓதிய மாணவி ஒருத்தியின் இல்லத்திற்குச் சென்றோம். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். மருந்தியல் படிக்க வேண்டும் என்பது ஏழெட்டு ஆண்டுகளாக அவள் சொல்லி வந்த ஆசை. யாஸீன் சூராவை மனனம் செய்துகொண்டிருந்த வயதிலேயே தன் பாட்டியின் மாத்திரை அட்டைகளைப் பெயர் சொல்லி அடுக்கி வைப்பாள் என்று அவளுடைய தாயார் கூறக் கேட்டிருக்கிறோம். கல்லூரியில் இடமும் கிடைத்திருந்தது. கட்டணம் செலுத்தும் கடைசி நாள் நெருங்கியும் பணம் கட்டப்படவில்லை என்று அறிந்ததால்தான் சென்றோம்.

அவளுடைய அத்தா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஃபிட்டர். ஐந்து வேளையும் ஜமாஅத்தில் நிற்பவர். தலையைக் குனிந்துகொண்டு, "ஹஜ்ரத், இந்த வருஷம் கையில ஒண்ணும் இல்ல. மூத்தவன் நிக்காஹ் முடிஞ்சு ரெண்டு மாசந்தான் ஆகுது. மாசாமாசம் தவணை போயிட்டிருக்கு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். அவருக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு 55 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி மாட்டப்பட்டிருந்தது. அதன் ஓரத்துப் பாதுகாப்புத் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. புது சோபா, இரட்டைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டி, எல்லாம் நிக்காஹ்வை ஒட்டி 24 மாதத் தவணையில் வாங்கியவை. மகள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

அந்தத் தந்தையை நாம் குறை கூற வரவில்லை. அவர் மது அருந்தவில்லை, சூதாடவில்லை. சம்பந்தி வீட்டார் வரும்போது வீடு வீடாக இருக்க வேண்டும் என்று எண்ணினார், அவ்வளவுதான். இல்லாவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதே அவருடைய அச்சம். இந்த நாலு பேரை நாமும் நீண்ட காலமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். அவர்களுடைய முகவரி எந்த மஹல்லாவிலும் இல்லை. நம் அறிவுக்கு எட்டியவரை நம் வாழ்வில் திண்ணமாக வரப்போகும் நாலு பேர் சந்தூக்கைச் சுமப்பவர்கள் மட்டுமே. அவர்கள் அப்போது நம் வீட்டுச் சோபாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கமாட்டார்கள்.

குறை கூற வேண்டியது நம் அனைவரையும்தான், பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் நம்மையும் சேர்த்தே. அத்தகாஸுர் என்னும் 102-ஆம் சூராவை மதரஸாக் குழந்தைகள் முதல் ஆண்டிலேயே மனனம் செய்துவிடுகின்றனர். எட்டே வசனங்கள். ஒருவரையொருவர் மிஞ்சிப் பெருக்கிக்கொள்ளும் போட்டி மனிதனைக் கப்ரைச் சென்று சேரும்வரை பராக்காக்கிவிடுகிறது என்று தொடங்கி, அனுபவித்த அருட்கொடைகளைப் பற்றி அந்நாளில் விசாரிக்கப்படுவீர்கள் என்று முடிகிறது. அதைப் பிழையின்றி ஓதும் குழந்தைக்கு நாமே பரிசளிக்கிறோம். அதே குழந்தையை ரமளானின் கடைசிப் பத்து இரவுகளில் தராவீஹ் ஸஃப்பில் காண முடிவதில்லை. தியாகராய நகரில் ரங்கநாதன் தெரு நெரிசலில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. லைலத்துல் கத்ரைத் தேட வேண்டிய இரவில் பெருநாள் துணிக்குப் பொருத்தமான காலணியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நம்முடைய இந்த மேற்குப் புறநகர் முன்பு எப்படி இருந்தது என்பதை இளைஞர்கள் அறிந்துகொள்வது நலம். அம்பத்தூரில் 1949-இல் மிதிவண்டித் தொழிற்சாலை வந்தது. 1960-களில் தொழிற்பேட்டையும், ஆவடியில் டாங்கிகளைச் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. இங்கே குடியேறியோரில் மிகப் பலர் கையில் ஒரு தொழிலோடு வந்தவர்கள்; கடைசல் பிடிக்கவோ வெல்டிங் செய்யவோ அச்சு வார்க்கவோ தெரிந்தவர்கள். ஒருவரைப் பற்றிப் பேசும்போது அவருக்கு என்ன செய்யத் தெரியும் என்பதைச் சொல்லுவார்கள். இப்போது அவரிடம் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லுகிறோம். பொருள் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் பொருள் வாங்குபவர்களாக மட்டும் ஆகிவிட்டார்கள்.

அதே காலத்தில் சென்னையின் இன்னொரு புறநகரில் நடந்ததை நம் பெண்மக்கள் கட்டாயம் அறிய வேண்டும். இராமேஸ்வரத்து மரைக்காயர் குடும்பத்து இளைஞர் ஒருவர், திருச்சி புனித வளனார் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு, 1950-களின் நடுவில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படிக்க இடம் பெற்றார். சேர்க்கைக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. தந்தையிடம் அத்தொகை இல்லை. அப்போது அவருடைய சகோதரி ஸுஹ்ரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். அந்த நகையைத் தம் சொந்தச் சம்பாத்தியத்திலேயே மீட்க வேண்டும் என்று அந்த இளைஞர் உறுதி பூண்டதாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர்தாம் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த எம்.ஐ.டி.யை 1949-இல் நிறுவிய சி. ராஜம் அவர்கள், அதற்கான பணத்தைத் தாம் வாழ்ந்த மாளிகையை விற்றுத் திரட்டியவர். ஒருவருடைய வீடு கல்லூரியாயிற்று. ஒரு பெண்ணின் வளையல் அக்கல்லூரியின் கட்டணமாயிற்று. (அடகுக் கடை வட்டி நமக்கு ஆகாது என்பது வேறு செய்தி. இன்று பல ஊர்களில் பைத்துல்மால் வட்டியின்றி நகைக்கடன் கொடுக்கிறது. கேட்பார் குறைவாக இருக்கிறார்கள்.)

அந்தக் கலாம் 2007 ஜூலையில் குடியரசுத் தலைவர் மாளிகையை விட்டு வெளியேறியபோது இரண்டு பெட்டிகளை எடுத்துச் சென்றார் என்ற செய்தியைப் படித்து அனைவரும் வியந்தோம். அவருடைய மார்க்க ஈடுபாடு குறித்து நம்மவரிடையே பலவாறாகப் பேச்சு உண்டு. அது இங்கே நமக்குத் தேவையில்லை. நாம் கேட்பது, அந்த இரண்டு பெட்டிகளை மட்டும் ஏன் வியக்கிறோம் என்பதே. பெட்டி குறைவாக இருந்தது அவர் நோற்ற நோன்பினால் அன்று. மாணவருக்குக் கற்பிப்பதிலும் எழுதுவதிலும் அவருடைய காலம் முழுதும் போயிற்று. பொருள் சேர்க்க அவருக்குப் பொழுதில்லை. 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருந்தபோதே அவர் மயங்கி விழுந்தார்; அன்றே அவர் உயிர் பிரிந்தது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், இப்போது மினிமலிசம் என்ற பெயரில் ஒரு புதிய பழக்கம் நம் படித்த இளைஞரிடையே பரவுகிறது. வெண்சுவர், ஒற்றை நாற்காலி, ஒரே நிறத்தில் நான்கு சட்டைகள், அவற்றைப் படம் எடுத்துப் பகிர்தல். தேவையற்றதை நீக்குவதில் நன்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வீட்டைக் காலி செய்யும் கலையை உலகுக்குக் கற்பித்த ஜப்பானியப் பெண்மணி மேரி கோண்டோ, 2019-இல் தாமே இணையத்தில் கடை திறந்து வீட்டுப் பொருள்களை விற்கத் தொடங்கினார். எளிமையையும் விலை போட்டு விற்கத் தெரிந்தது சந்தை. நிய்யத்து இன்றிக் காலி செய்யப்பட்ட அலமாரி ஆறு மாதத்தில் மறுபடி நிரம்பும். எதற்காக மிச்சப்படுத்துகிறோம் என்பதை முதலில் முடிவு செய்தவருக்கு, எதை வாங்கக் கூடாது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவர் குர்ஆனைப் பொருளுணர்ந்து ஓத விரும்பலாம். ஒருவர் சொந்தப் பட்டறை வைக்க எண்ணலாம். ஒருவர் தம் தாயை ஹஜ்ஜுக்கு அனுப்பவும், ஒருத்தி மருந்தியல் படிக்கவும் விரும்பலாம். அந்த ஆசைக்குப் பெயர் வைத்து, அதற்குரிய தொகையையும் நாளையும் எழுதி வைக்காத வீட்டில் பணம் கடைக்குத்தான் போகும். அதற்கு வேறு வழி தெரியாது.

உமர் (ரலி) அவர்கள் ஒருமுறை நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் சென்றபோது, பாயின் தழும்புகள் அண்ணலாரின் விலாவில் பதிந்திருப்பதைக் கண்டு அழுத வரலாற்றை நாம் மேடைதோறும் சொல்லுகிறோம். பாரசீக, ரோமானிய மன்னர்கள் சுகபோகத்தில் திளைக்கிறார்களே என்று அவர் வருந்தியபோது, அவர்களுக்கு இம்மை, நமக்கு மறுமை என்னும் கருத்தில் நபியவர்கள் ஆறுதல் கூறினார்கள். அந்த அறையில் பொருள்கள் குறைவு. ஆயினும் அரபகத்தின் வரலாறு அந்த அறையிலிருந்துதான் மாறியது.

"அப்படியானால் வறுமையைப் போற்றுகிறீர்களா? செல்வம் சேர்ப்பது குற்றமா?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. மக்காவைத் துறந்து வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), அன்ஸாரித் தோழர் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, கடைத்தெரு எங்கே என்று வழி கேட்டார், பெரும் வணிகரானார், அள்ளி அள்ளி அறம் செய்தார். அவர் கடைத்தெருவுக்குச் சம்பாதிக்கப் போனார். நாம் சம்பாதித்ததைத் தொலைக்கப் போகிறோம், அதிலும் இன்னும் சம்பாதிக்காததைத் தொலைக்கப் போகிறோம்.

"அல்லாஹ் அழகை விரும்புகிறவன் என்று ஹதீஸ் இருக்கிறதே" என்பது மற்றொரு வாதம். இருக்கிறது. நல்ல ஆடையும் காலணியும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் கேட்டதற்கு நபி (ஸல்) அளித்த விடையில் வருவது அது. அதே விடையில், உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்று விளக்கப்பட்டிருக்கிறது. ஹதீஸின் முற்பகுதியைத் துணிக்கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் பிற்பகுதியை வலீமா மண்டபத்திற்குக் கொண்டுவருவதில்லை. அங்கே யாருடைய புர்கா என்ன விலை, யார் என்ன வண்டியில் வந்தார்கள் என்ற கணக்குத்தான் நடக்கிறது.

இனித் தவணை. "வட்டியில்லாத் தவணைதானே ஹஜ்ரத்" என்று நம்மிடமே கேட்கிறார்கள். நாமும் ஒருமுறை அப்படி நம்பிக் கைப்பேசி வாங்கினோம். வீட்டுக்கு வந்து இரசீதைப் பொறுமையாகப் படித்தபோதுதான் செயல்பாட்டுக் கட்டணம் என்றொரு வரி கண்ணில் பட்டது. தவணையில் விற்பதே ஹராம் என்று நாம் கூறவில்லை. விற்பவரும் வாங்குபவரும் ஒரு விலையை முடிவு செய்து, தாமதத்திற்குத் தண்டம் இன்றிப் பகுதி பகுதியாகக் கொடுப்பதைப் பெரும்பாலான இமாம்கள் அனுமதித்துள்ளனர். கடைகளில் நடப்பது அதுவன்று. இடையில் வங்கியோ நிதி நிறுவனமோ கடன் கொடுக்கிறது. ரொக்கம் கொடுப்பவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடி அந்தக் கடனின் வட்டியாகப் போகிறது. கடன் அட்டைத் தவணையாயின் அவ்வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் விழுகிறது. ஒரு மாதம் தவறினால் தண்டம் வேறு. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஆலிம்கள் சொன்னால் பழமைவாதம் என்பவர்கள் ரிசர்வ் வங்கி சொன்னதையாவது கேட்கலாம்.

நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனிலிருந்து பாதுகாப்புத் தேடி மிகுதியாக துஆ செய்தார்கள். ஏன் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்ல நேர்கிறது, வாக்களித்தால் மீற நேர்கிறது என்ற கருத்தைச் சொன்னார்கள். தவணைத் தேதியன்று அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு வரும்போது, "அத்தா வீட்ல இல்லன்னு சொல்லு" என்று பிள்ளையிடம் கைப்பேசியை நீட்டும் வீடுகள் நம் மஹல்லாவிலேயே இருக்கின்றன. பிள்ளைக்குப் பொய் கற்பிக்க அதைவிட எளிய பாடத்திட்டம் இல்லை.

2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் வந்து போனதைப் பார்த்தவர்கள் நாம். கூவம் ஓடும் ஊர்க்காரர்களுக்கு வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நீர் வடிந்த பின் தெருவோரங்களில் ஊறிப்போன மெத்தைகளும் சேறு படிந்த சலவை இயந்திரங்களும் குவிந்து கிடந்தன. பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துப் போனவற்றில் தவணை முடியாதவையும் இருந்தன. உரியவர்கள் பழைய தவணையைக் கட்டிக்கொண்டே, அதே பொருளைப் புதிய தவணையில் வாங்கினார்கள். நம்மில் எவரும் அதைப் பித்து என்று சொல்லவில்லை. மாடல் என்ன என்று விசாரித்தோம்.

நம் மதரஸாவில் சென்ற ரமளானுக்கு முன்பு பெற்றோரை அழைத்து ஒரு வேண்டுகோள் வைத்தோம். பெருநாளுக்குப் பிள்ளைக்கு ஓர் உடை போதும். இரண்டாவது, மூன்றாவது உடைக்குரிய பணத்தைப் பிள்ளையின் பெயரிலேயே தனியே வைத்து, அது எதற்கென்று அந்தப் பிள்ளையையே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள் என்றோம். 40 குடும்பங்களில் 11 குடும்பங்கள் செய்தன. சிலர் முகத்திற்கு நேரே சிரித்தார்கள். "பிள்ளையைப் பிச்சைக்காரன் மாதிரி பெருநாளுக்கு அனுப்பச் சொல்றீங்களா?" என்று ஒரு தாயார் கோபித்துக்கொண்டார். அவருடைய கோபத்திலும் பாசம் இருந்தது, அதனால் மறுமொழி கூறவில்லை. பதினோரு நோட்டுகளில் ஒன்றில், பத்து வயதுச் சிறுவன் தையல் இயந்திரம் என்று எழுதியிருந்தான். யாருக்கு என்று கேட்டோம். "உம்மாவுக்கு. வாடகை மெஷின்ல தைக்கிறாங்க" என்றான்.

தொடக்கத்தில் சொன்ன மாணவி இந்த ஓராண்டும் வீட்டிலிருந்தபடியே பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தோடு, இந்த ஜூனில் மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறாள். கட்டணத்தில் குறைவதை வட்டியின்றிக் கடனாகக் கொடுப்பது பற்றி வரும் ஜுமுஆவுக்குப் பின் ஜமாஅத்தில் பேசவிருக்கிறோம். அவளுடைய அத்தாவுக்கு இன்னும் பத்துத் தவணைகள் பாக்கி இருக்கின்றன.