பந்தைத் தள்ளினால் பிடித்த மாதிரியா?

சென்ற சீசனில் ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகனுடன் ஐந்தருவிக்குக் குளிக்கச் சென்றேன். வரிசையில் நிற்கும்போது, தன் பள்ளிக் குழு கலந்துகொள்ளும் ரோபோ போட்டியைப் பற்றிச் சொன்னான். "ரோபோ ஒரு நேரத்தில் ஒரு பந்தை மட்டுமே கொண்டு செல்லலாம்" என்பது விதி. இவர்களுடைய ரோபோ ஒரு பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்னொன்றை முன்பக்கத் தகட்டால் தள்ளிக்கொண்டு போகுமாம்.

"தள்ளக்கூடாதுன்னு விதியில இல்லையே மாமா" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லூரியில் படித்தபோது இதே வாதத்தால் எங்கள் குழு ஒரு போட்டியிலிருந்து வெளியேறியது. "பந்தைப் பிடித்து வைக்கக்கூடாது" என்பது அங்கே விதி. எங்கள் ரோபோவின் முன்னால் சாய்வாக இரண்டு தகடுகள். பந்து நடுவில் ஒட்டிக்கொண்டே வந்தது. நாங்கள் 'தள்ளுகிறது' என்றோம். நடுவர் 'பிடித்திருக்கிறது' என்றார். நான்கு மாத உழைப்பு இரண்டு நிமிடத்தில் போயிற்று.

கம்ப்யூட்டர் வாங்கிய நமக்கு இதில் என்ன என்கிறீர்களா? எக்செல்லில் மார்க் பட்டியல் போடும்போது "35க்கு மேல் பாஸ்" என்று ஃபார்முலா கொடுத்துப் பாருங்கள். சரியாக 35 வாங்கிய பையன் பெயில் ஆகிவிடுவான். நாம் மனதில் நினைத்தது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எழுதியது மட்டுமே தெரியும்.

ரோபோகப் கால்பந்தில் சிறிய ரோபோக்களுக்கான பிரிவில் இதை அளவாகவே எழுதியிருக்கிறார்கள். பந்து, ஆரஞ்சு நிற கோல்ஃப் பந்து. மேலிருந்து பார்த்தால் பந்தின் 80 சதவீதமாவது ரோபோவுக்கு வெளியே தெரிய வேண்டும். பந்தை விடாமல் ஒரு மீட்டருக்கு மேல் உருட்டிச் செல்லக்கூடாது. மைதானத்துக்கு மேலே கேமரா இருப்பதால் கம்ப்யூட்டரே தூரத்தை அளந்துவிடும்.

அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் ரோபோ போட்டியில் 2022ல் ஒரு ரோபோவுக்கு இரண்டு பந்துகள்தான் அனுமதி. அங்கே வேண்டுமென்றே ஒரு திசையில் தள்ளினாலும் அது பந்தை வைத்திருப்பதாகத்தான் கணக்கு. போகிற வழியில் தானாக இடிபட்டால் குற்றமில்லை. இங்கே நடுவர் நோக்கத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது.

என்னைக் கேட்டால், போட்டி நடத்துபவர்கள் முடிந்தவரை அளவைச் சொல்லி விதி எழுத வேண்டும். அதே நேரம், விதியில் ஓட்டை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு களத்தில் இறங்குவது புத்திசாலித்தனம் அல்ல. கேட்டால் 'கூடாது' என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் நாங்கள் அன்று கேட்காமல் இருந்தோம்.

இதைச் சொன்னதும் அவன் முகம் வாடிவிட்டது. ஆனாலும் அன்று இரவே அமைப்பாளர்களுக்கு ஈமெயில் அனுப்பினான். "தள்ளுவதும் கொண்டு செல்வதுதான்" என்று பதில் வந்தது. தகட்டைக் கழற்றி, புரோகிராமை மாற்ற இரண்டு வார இறுதிகள் ஆயின. என் மேல் கொஞ்சம் கோபம்தான். இருக்கட்டும்.

ஐந்தருவியில் போலீஸ்காரர் விசில் ஊதினால், "இப்பத்தான் சார் வந்தேன்" என்று சொல்லிப் பயனில்லை. அருவிச் சத்தத்தில் அவர் காதில் விழாது. போட்டியிலும் அப்படித்தான். கேட்க வேண்டியதை விசிலுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.