கார் ரிப்பேரும் குறி கேட்பதும்

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் கார் நடுவழியில் நின்றுவிடுவதும், அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பிவிடுவதுமான கோளாறு ஒன்று உண்டு. அதற்கு எலுமிச்சம்பழம் கட்டுகின்றவரைப்பற்றி நாம் இங்கு பேச வரவில்லை. ஸ்கேனர் என்னும் கருவியைச் சொருகி, அதில் "பி 0335" என்ற எண் தோன்றியவுடன், "சென்ஸார் போய்விட்டது, புதிது வாங்கி வாருங்கள்" என்று தீர்ப்புச் சொல்லும் ரிப்பேர்க்காரரைப்பற்றியும், கேட்டவுடன் மடியை அவிழ்க்கும் சொந்தக்காரரைப்பற்றியுமே பேசுகின்றோம்.

அந்த எண்ணுக்கு அர்த்தந்தான் என்ன? கிராங்க் ஷாப்ட்டின் நிலையைச் சொல்லும் சென்ஸாரின் மின்சாரச் சுற்றில் கோளாறு என்பதுதான். சுற்று என்றால் சென்ஸார், கம்பி, இணைப்பு, கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்தது. வீட்டில் திருட்டுப் போயிற்று என்று ஒருவர் சொன்னால், உடனே வேலைக்காரனைப் பிடித்துக் கட்டு என்று அர்த்தமாகிவிடுமா? அமெரிக்காவில் 1996ஆம் வருஷ மாடல் கார்கள் முதல் கட்டாயமாக்கப்பட்ட இந்த எண்முறை, எங்கே தேடவேண்டும் என்று காட்டுவதற்கே ஏற்பட்டது.

கிராங்க் ஷாப்ட்டோடு ஒரு பல்சக்கரம் சுழல்கின்றது. பல வண்டிகளில் 60 பல் இருக்கவேண்டிய இடத்தில் 2 பல்லை விட்டுவிட்டு 58 பல் வைத்திருக்கின்றார்கள். அந்தப் பொக்கை சென்ஸாரைக் கடக்கும் நேரத்தைக்கொண்டே கம்ப்யூட்டர் பிஸ்டனின் இடத்தைக் கணக்கிட்டு, பெட்ரோலையும் பிளக்கில் பொறியையும் விடுகின்றது. இந்தச் சேதி வராவிட்டால் பெரும்பாலான வண்டிகளில் இரண்டுமே நின்றுபோகும்.

ஆகவே, வண்டி நின்றிருக்கும் அந்தச் சமயத்திலேயே ஸ்டார்ட்டரைப் போட்டு, எஞ்சின் என்ன வேகத்தில் சுற்றுகின்றதென்று அதே கருவியில் பார்க்கலாமே! எஞ்சின் சுற்றும்போதே பூஜ்யம் காட்டினால் சேதி போய்ச்சேரவில்லை. வேகம் காட்டினால் வேறிடத்தையும் பார்க்கவேண்டும். சூட்டில் நிற்பது பெட்ரோல் பம்புக்கும் உள்ள குணமே.

சேதி போகவில்லையென்றாலும் சென்ஸார்தான் குற்றவாளி என்பதற்கில்லை. இணைப்பில் எண்ணெயும் துருவும் ஏறியிருக்கலாம். புகைக்குழாய் அருகில் கம்பி வெந்திருக்கலாம். முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கலாம். சக்கரத்தில் பல் உடைந்திருக்கலாம். இரண்டு கம்பி உள்ளது பெரும்பாலும் காந்தச் சுருள். அதன் மின்தடையை மல்டிமீட்டரால் அளந்து கம்பெனிப் புத்தகத்தோடு ஒப்பிடலாம். மூன்று கம்பி உள்ளது பெரும்பாலும் "ஹால்" வகை. அதில் மின்தடை அளப்பது வீண்வேலை; மின்சாரம் வருகின்றதா, எர்த் சரியா, சேதி புறப்படுகின்றதா என்றே பார்க்கவேண்டும்.

இன்னொன்று. சுருளின் கம்பியில் மயிரிழை விரிசல் இருந்தால் சூட்டில் அகலும், ஆறினால் ஒட்டும். மறுநாள் காலையில் அளந்துவிட்டு, "எல்லாம் சரி" என்பது, காய்ச்சல் இறங்கின பிறகு நெற்றியைத் தொட்டுப்பார்த்து வியாதியே இல்லை என்பதற்கு ஒப்பாகும்.

ரிப்பேர்க்காரரை மாத்திரம் குறைசொல்ல நமக்குச் சம்மதமில்லை. அவர் ஒரு மணி நேரம் குனிந்து சோதித்து, "இணைப்பைத் துடைத்தேன், சரியாயிற்று" என்றால், "துடைத்ததற்கா இவ்வளவு கூலி?" என்று சண்டைக்குப் போகின்றவர் யார்? சாமானுக்கு வாய்பேசாமல் கொடுக்கும் நாம், சோதனைக்குக் கொடுக்க மறுக்கின்றோம். பிறகு அவர் ஏன் சோதிக்கப்போகின்றார்? கூலியைப் பேசிக் கொடுத்துவிட்டு, "எதை அளந்தீர், எவ்வளவு இருந்தது, சூட்டில் அளந்தீரா?" என்று கேளுங்கள். சாமானை மாற்றினால் பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.